சாம்பிளில் இருந்த தீப்பெட்டி

திருப்பூர் ஊசிக்காரச் சந்தில் புதிதாக எழும்பியிருக்கும் ஏழு மாடி வணிக வளாகத்தின் முகப்பில், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே, எட்டடி உயரத்தில் ஒரு தீப்பெட்டி நிற்கிறது. அதற்குள் நஜீமுதீன் தையல் மெஷின் ஊசிக் கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குத் திறப்பார், இரவு எட்டரைக்கு அடைப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகைக்காக மதியம் ஒன்றரை மணி நேரம் அடைப்பு. பெட்டியைக் குத்துவாக்கில் நிறுத்தியிருப்பதால் அதன் லேபிளில் உள்ள கிளி படுத்த வாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவர்களிலும் மருந்துப் பட்டை சொரசொரவென்று ஓடுகிறது. சுமைதூக்கும் ஆட்கள் அதில்தான் குச்சியை உரசிப் பீடி பற்றவைத்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விளம்பரமெல்லாம் இல்லை. அப்ரூவல் ஆன சாம்பிளில் அப்படி இருந்தது, அதனால் இங்கேயும் அப்படி இருக்கிறது.

முன்பு அந்த இடத்தில் தகரம் வேய்ந்த நாற்பத்திரண்டு கடைகள் இருந்தன. நாற்பத்தொரு கடைகளில் எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட பனியன்கள் குவிந்து கிடக்கும். நாற்பத்திரண்டாவது கடை நஜீமுதீனுடையது. இரண்டு பழைய கட்டடங்களுக்கு இடையே யாரோ விட்டுவைத்த இடுக்கு அது. அகலம் ஆறடி, ஆழம் இரண்டடி. ஸ்டூலைப் பக்கவாட்டில் போட்டுத்தான் உட்கார முடியும். ஊசி, பாபின், லூப்பர், எலாஸ்டிக் என்று பத்தொன்பது வருடம் அங்கே விற்றார். ஊரில் வேறெங்கும் கிடைக்காத நம்பர் ஊசி அவரிடம் இருக்கும். 2023-இல் சந்து முழுவதையும் ஒரே ஆள் வாங்கியபோது, லேசர் கருவியோடு அளக்க வந்தவர் அந்த இடுக்கைச் சுவர் என்று குறித்துக்கொண்டு போனார். கருவி அப்படித்தான் காட்டியதாம். சுவருக்குள் உட்கார்ந்திருந்த நஜீமுதீன்தான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வாங்கியவர் பெயர் ராஜ்கமல், பனியன் கம்பெனி முதலாளி. அவருடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்து, பிறகு கம்பெனி வைத்தவர். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சு முழுக்கக் கொங்கு. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. நாற்பத்தொரு கடைக்காரர்களுக்கும் புதுக் கட்டடத்தில் இடம் எழுதிக் கொடுத்தார். சுவருக்கு இடம் கொடுக்கும் வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லாததால் நஜீமுதீனுக்குக் கொடுக்கவில்லை. அவரும் போய்ச் சண்டை போடவில்லை. ஊசிப் பெட்டிகளை மொபெட்டில் நான்கு நடையாக மங்கலம் சாலை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். பிறகு சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டரை வரை அதில் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்க மட்டும் எழுவார். மனைவி ஜஹானாரா ஒரு மாதம் இதைப் பார்த்தார். இந்த மனிதருக்கு அந்த இரண்டடி திரும்பக் கிடைக்காவிட்டால் வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே செத்துப்போவார் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான் என்றே நானும் நினைக்கிறேன்.

ஜஹானாரா வேலை பார்த்தது ராஜ்கமலின் கம்பெனியில். சாம்பிள் டெய்லர். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் கேட்கும் உடுப்பை முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்துக் காட்டுவது அவர் வேலை. பையர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, சிவப்பு டேக் கட்டி, சீல் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பீஸை யாரும் தொடக் கூடாது. லட்சம் பீஸ் தைத்தாலும் சீல் வைத்த சாம்பிளைப் போலவேதான் வர வேண்டும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் ஜஹானாரா பாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். பையரும் கவனிக்காமல் சீல் வைத்துவிட்டார். நாற்பதாயிரம் சட்டை தலைகீழ் பாக்கெட்டோடு கப்பல் ஏறியது. ஜெர்மனியில் நாற்பதாயிரம் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு புகாரும் வரவில்லை. சாம்பிளில் இருப்பது தப்பாக இருக்க முடியாது என்பது இந்த ஊரின் நம்பிக்கை, அதைச் சாமி மாதிரி நம்புகிறார்கள்.

கட்டடத்தின் சிறு மாடலைக் கோயம்புத்தூரில் செய்து கொண்டுவந்தார்கள். மீட்டிங் ரூமில் வெள்ளையடிப்பு நடந்ததால் அதைச் சாம்பிள் ரூம் மேஜைமேல் வைத்தார்கள். இரண்டடி உயரம்கூட இல்லை. பச்சை ஸ்பாஞ்சில் மரங்கள், வாசலில் முகமில்லாத ஆறு பிளாஸ்டிக் மனிதர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜஹானாரா இன்ச் டேப்பை எடுத்து அளந்தார். ஓர் அடிக்குக் கால் அங்குலக் கணக்கு. பழைய இடுக்கு இருந்த இடம் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே வந்தது. அகலம் ஒன்றரை அங்குலம், ஆழம் அரை அங்குலம். அதே அளவில் கைக்கெட்டும் இடத்திலேயே ஒரு பெட்டி இருந்தது. துணி பருத்தியா பாலியஸ்டரா என்று ஒரு நூலை எரித்து மோந்து பார்ப்பதற்காகச் சாம்பிள் ரூமில் எப்போதும் ஒரு தீப்பெட்டி கிடக்கும். குச்சிகளைப் பட்டன் டப்பாவில் கொட்டிவிட்டு, கிளிப் படத்தில் மூன்று பக்கம் வெட்டிக் கதவு மாதிரி மடக்கி, பசை தடவி ஒட்டினார். அதனால் என்ன நடக்கும் என்று அவர் பெரிதாக யோசிக்கவில்லை. மாடலிலாவது தன் புருஷனுக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்று நினைத்தார்.

மூன்று மணிக்கு ராஜ்கமல் வந்தார். மேல்மாடிகளை மட்டும் குனிந்து பார்த்தார். அருமை என்றார். பிறகு, பையர்கள் செய்வதை இருபது வருடம் பார்த்த பழக்கத்தில் ஒரு சிவப்பு டேக்கை எடுத்து, அப்ரூவ்ட் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, மொட்டை மாடிக் கம்பியில் கட்டிச் சீல் வைத்துவிட்டார். கட்டடம் பனியன் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூடிய ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

வேலை பதினாலு மாதம் நடந்தது. கொத்தனார் ஜெயபாண்டி வரைபடத்தில் உள்ளபடியே முகப்பு முழுவதும் கண்ணாடி பொருத்தினார். மறுநாள் காலையில் நடுவே தீப்பெட்டி நின்றது. சுவர் செங்கல்லும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. ஒரு விரல் கனத்தில் அட்டை. மழையில் ஊறவில்லை, தட்டினால் டொம் டொம் என்றது. இடித்து அள்ளிவிட்டுத் திரும்பக் கண்ணாடி வைத்தார்கள். மறுநாள் திரும்ப நின்றது. நான்கு தடவை இப்படி ஆன பிறகு ஜெயபாண்டி, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கிருத்திகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ராஜ்கமல் எந்த வேலையையும் நம்பி ஒப்படைக்கும் பெண் அவர்.

“நாங்க கெட்டல மேடம். இடிக்கத்தான் செஞ்சோம்.”

கிருத்திகா சாம்பிள் ரூமுக்குப் போய் மாடலைப் பார்த்தார். திரும்பி வந்து டேப் பிடித்துத் தீப்பெட்டியை அளந்தார். மாடலின் கணக்குக்குச் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டில் ‘சாம்பிள்படி உள்ளது’ என்று எழுதி வைத்தார். அதே வாரத்தில் வாசலில் ஸ்பாஞ்சு மரங்கள் முளைத்தன. அவை இன்றுவரை ஓர் இலைகூட உதிர்க்கவில்லை. முகமில்லாத ஆறு பேரும் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் மாலையில் அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மொட்டை மாடியிலிருந்து ஒரு மாடி உயரத்துக்குச் சிவப்பு டேக் தொங்கியது, அதில் ராஜ்கமலின் கையெழுத்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்தது. சாம்பிளை மீறிய பீஸ் ஒன்றைக்கூட வாழ்நாளில் வெளியே அனுப்பாத மனிதர் அதைப் பார்த்துவிட்டுத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். திறப்பு விழா அன்று நஜீமுதீன் மொபெட்டில் ஊசிப் பெட்டிகளோடு வந்தார். கிளிக் கதவைத் திறந்து, ஸ்டூலைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

எட்டு மாதம் ஓடியது. பிறகு மும்பையிலிருந்து ஒரு பெரிய துணி பிராண்டு தரைத்தளம் முழுவதையும் கேட்டது. ஆனால் முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருக்க வேண்டும், நடுவில் படுத்திருக்கும் கிளி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கிருத்திகா ஒரு வழி சொன்னார். சீல் வைத்த சாம்பிளைப் பையரே திருத்தலாம், மற்றவர்கள்தான் தொடக் கூடாது. இந்தக் கட்டடத்துக்குப் பையர் ராஜ்கமல்தான். மாடலிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டுப் புது டேக் கட்டினால் போதும். முதலில் பரீட்சை பார்ப்போம் என்று ராஜ்கமல் மாடலில் இருந்த ஒரு மரத்தைப் பிடுங்கினார். அந்த நிமிடமே சந்தில் ஒரு மரம் காணாமல் போனது. அதன் நிழலில் படுத்திருந்த நாய் வெயில் சுட்டு எழுந்து போயிற்று. எங்கே போனது மரம் என்று தேடினார்கள்; ஒரு வேர்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ராஜ்கமல் கத்தரிக்கோலோடு சாம்பிள் ரூமுக்கு வந்தார். இதை ஒட்டியது யார் என்று கேட்டார். ஜஹானாரா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“நாந்தானுங்க சார். தப்புத்தானுங்க. நீங்க கழட்டிக்கோங்க. அவரு உள்ள உக்காந்திருக்காருங்க, போன் பண்ணி வெளிய வரச் சொல்லிப்போடறேன். ஒரு நிமிசம் பொறுங்க.”

ராஜ்கமலுக்குப் பிடுங்கிய மரம் ஞாபகம் வந்தது. கத்தரிக்கோலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார். ஜஹானாரா ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். கடையில் ஆள் நிற்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொல்லி நஜீமுதீன் போனை வைத்துவிட்டார். ஆள் இருக்கும்போது கடையை விட்டு எழுந்து போவதில்லை என்பது அவருடைய கொள்கை. அதற்காகச் சொந்தத் தங்கை நிச்சயதார்த்தத்துக்கே தாமதமாகப் போனவர். ராஜ்கமல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள், ஆள் நின்றது. மூன்று மணிக்கும் நின்றது. ஐந்து மணிக்கு அவிநாசிபாளையத்திலிருந்து வந்த ஒருவர் பாபின் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு ராஜ்கமல் பொறுமை இழந்து தானே போனை வாங்கினார்.

“இப்ப யாருங்க நிக்கறாங்க?”

“நம்ம கம்பெனி ஆளுதானுங்க. பிளாட்லாக் மெஷின் லைன் நின்னு போச்சாமாங்க, நாளைக்குக் காலைல ஷிப்மென்ட்டாமா. இந்த நம்பர் ஊசி எங்கயும் கெடைக்கலைன்னு வந்துட்டாருங்க. எண்ணிட்டிருக்கேன்.”

ராஜ்கமல் குனிந்து மாடலின் முகப்பைப் பார்த்தார். அரை அங்குல ஆழப் பெட்டி. அதற்குள் தன்னுடைய ஆளும் நிற்கிறான், தன்னுடைய ஷிப்மென்ட்டும் நிற்கிறது.

“எண்ணிக் குடுங்க,” என்றார். “அவசரமில்லீங்க.”

கத்தரிக்கோலை மாடல் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். மும்பை பிராண்டுக்கு இரண்டாம் மாடியைக் கொடுத்தார்கள். அவர்களும் லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டார்கள். கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்துத் தீப்பெட்டியை எடுத்துவிடுவது என்பதுதான் இன்றைக்கும் கம்பெனியின் முடிவு, அது மாறவில்லை. தினமும் பதினோரு மணிக்கு கிருத்திகா போன் செய்து ஆள் நிற்கிறதா என்று கேட்கிறார், நிற்கிறது என்று பதில் வருகிறது, அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஜஹானாரா தினமும் அதன் மேலுள்ள பஞ்சைத் துடைத்து வைக்கிறார்.

இரவு எட்டரைக்கு மேல் கடையில் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டேகால் வரைக்கும் யாரும் இல்லை. இது சந்தில் எல்லோருக்கும் தெரியும். ராஜ்கமல் எட்டு மணிக்கே சாம்பிள் ரூமைப் பூட்டிவிடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டரைக்கே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறார்.