தமிழ் வரிசையில் நான்கு தட்டுகள்

எங்கள் ஆய்வறிக்கையின் மூன்றாம் பக்கத்திலிருந்த அட்டவணையை நான் இரண்டு முறை படித்தேன். முதல் தட்டிலிருந்த பஞ்சு ஏழு நாள்களுக்குப் பிறகும் முழுமையாக இருந்தது என்றும், அதன்மேல் விதைத்த உயிரணுக்கள் இரு மடங்காகப் பெருகின என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அது நடக்கக்கூடியதன்று.

நாங்கள் வளர்ப்பது தோல். மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தைப் பஞ்சாக உறைய வைத்து, அதன்மேல் மனித உயிரணுக்களை விதைக்கிறோம். பஞ்சு நீரில் கரையாமலிருக்க ஒரு வேதிப்பொருளால் அதனை இறுக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக வைத்த முதல் தட்டில் அந்த வேதிப்பொருள் அறவே இல்லை. மற்ற மூன்றிலும் சிறிது, நடுத்தரம், மிகுதி என்று சேர்த்திருந்தேன். இறுக்கப்படாத பஞ்சு, மைலோ பானத்தில் நனைத்த பிஸ்கட்டைப்போல் மூன்றாம் நாளே கரைந்திருக்க வேண்டும்.

இந்த மாணவர் குழுவை வழிநடத்துபவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் ரூபினி, முப்பத்தொரு வயதினர், இறுக்கும் வேதிப்பொருளே தேவையில்லை என்று ஓராண்டாக வாதிட்டு வருபவர். மற்றவன் யுகேந்திரனாகிய நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுகள் மின்னணுச் சில்லுகளைச் சோதித்துவிட்டு, முப்பதாம் வயதில் பல்கலைக்கழகம் புகுந்து, நாற்பத்தோராம் வயதில் முனைவரானவன். எங்கள் இருவரின் ஒப்பந்தமும் டிசம்பரில் முடிகிறது. ஒருவருக்கே நீட்டிப்பு உண்டு என்று துறைத்தலைவர் கூறியிருந்தார். அந்த அட்டவணையால் யாருக்கு நன்மை என்பது எனக்கு உடனே விளங்கிற்று.

அன்றிலிருந்து ரூபினியைக் கவனிக்கலானேன். நான் நுழைந்தவுடன் அவர் மடிக்கணினியை மூடினார். வார இறுதியைச் சிம்பாங் அம்பாட்டில் அக்காள் வீட்டில் கழித்ததாகச் சொன்னார். ஆனால் சனிக்கிழமை முற்பகலில் அவருடைய அட்டையால் ஆய்வுக்கூடக் கதவு திறக்கப்பட்டதாகப் பதிவு காட்டியது. இன்குபேட்டரின் மேலடுக்கில் பெயரெழுதாத இரண்டு தட்டுகள் புதிதாக இருந்தன. யாருடையவை என்று பொதுவாகக் கேட்டேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலேயே, "என்னோடதுதாண்ணே, சும்மா" என்றார் ரூபினி. ஆய்வுக்கூடத்தில் யாரும் எதையும் சும்மா வளர்ப்பதில்லை.

பழைய தட்டுகள் அதற்குள் கழிவோடு போய்விட்டன. எஞ்சியவை ஷேரன் எடுத்த படங்கள் மட்டுமே. ஷேரன் இறுதியாண்டு மாணவி. தட்டுகளைப் பார்த்துப் பதிவு செய்தவள் அவளே. 'ஒன்று' என்று பெயரிட்ட படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். பஞ்சு முழுமையாக இருந்தது. மூடியின் ஓரத்தில் என் கையெழுத்தும் தெரிந்தது: உ.

மூடிகளில் அடையாளம் எழுதியவன் நானே. பக்கத்துக் குழுவினர் எங்கள் தட்டுகளை எடுத்துப் பார்க்கும் பழக்கமுடையவர்கள். அவர்களுக்கு விளங்கக்கூடாது என்பதற்காகத் தமிழ் எண்களைக் கையாண்டேன். ஒன்றுக்கு க, இரண்டுக்கு உ, மூன்றுக்கு ங, நான்குக்கு ச. மலாய்ப் பள்ளியில் படித்த நான் தமிழ் எழுதக் கற்றது முப்பத்தெட்டாம் வயதில், லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்த ஞாயிறு வகுப்பில். அந்த எண்களை எழுதும்போதெல்லாம் எனக்குத் தனியான மகிழ்ச்சி உண்டாகும். தட்டுகள் தமிழ் வரிசையில் இருக்கின்றன என்று குழுவினரிடம் பெருமையுடன் அறிவித்தும் இருந்தேன்.

ஆகவே, இரண்டாம் தட்டின் படம் முதல் தட்டின் பெயரில் இருந்தது. பெயரை மாற்றியவர் யார் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. துறைத்தலைவருக்கு ஒரு பக்க அளவில் மலாயில் முறையீடு எழுதினேன். தரவைத் திரித்தார் என்ற சொல் ஒருமுறை பதிவாகிவிட்டால் ரூபினிக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை கிடைக்காது. அதை அறிந்தே எழுதினேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குத் துறைத்தலைவர் என்னை வரச் சொல்லியிருந்தார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. புறப்படுமுன் ஷேரனின் வாய்மொழியையும் பெற்றுக்கொள்ள எண்ணி, மூன்று மணிக்கு அவளை அழைத்துப் படத்தைக் காட்டினேன். கைகழுவும் தொட்டியருகில் ரூபினி நின்றிருந்தார். அவர் கேட்கட்டும் என்றே குரலைத் தாழ்த்தவில்லை.

"இதுக்கு ஒன்னுன்னு பேர் வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். நான்தான் வச்சேன்."

"மூடியில உ போட்டிருக்கே."

"ஆமா சார், உ-தானே முதல்ல வரும்?"

எனக்குப் புரியவில்லை என்று கண்டு அவள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். உயிரெழுத்து முதலில். பிறகுதான் க, ங, ச. தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அகராதியில் சொற்கள் நிற்கும் முறையிலேயே என் தட்டுகளை நிறுத்தியிருந்தாள். ங-வும் ச-வும் இரண்டு முறையிலும் மூன்றும் நான்குமாகவே அமைந்துவிட்டன. முதல் இரண்டு தட்டுகள் மட்டுமே இடம் மாறியிருந்தன.

"அது எழுத்து இல்லம்மா, எண்ணு" என்றேன்.

"அந்த எண்ணெல்லாம் இப்ப யாரு சார் எழுதுறா? தமிழ் வரிசைன்னு சொன்னீங்க. எங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் வரிசை இதுதான்லா."

ரூபினி சிரித்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பெயரெழுதாத அந்த இரண்டு தட்டுகளின் படங்கள் நாள்வாரியாக இருந்தன. இறுக்கப்படாத பஞ்சு முற்றிலும் கரைந்து போயிருந்தது.

"பஞ்சு செய்யிறப்ப நீங்க ரெண்டையும் மாத்திக் கலந்துட்டீங்கன்னு நெனச்சேண்ணே. கேட்டா கோவிச்சுக்குவீங்க. அதான் சனிக்கிழமை வந்து நானே மறுபடி போட்டுப் பார்த்தேன். இறுக்குற மருந்து இல்லாம பஞ்சு நிக்கல. நான் சொன்னதுதான் தப்பு."

தம் கொள்கைக்குச் சாதகமான அட்டவணையை அவரே நம்பாமல், ஒருவருக்கும் சொல்லாமல் சரிபார்த்திருந்தார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அதை ரூபினி பார்த்தார். உறையின் மேல் துறைத்தலைவரின் பெயர் வெளியே தெரிந்தது.

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தார். ஷேரன் தட்டுகளைத் துடைப்பதுபோல் அப்பால் நகர்ந்தாள்.

"இத குடுத்தாச்சா?"

"இல்லை."

"எப்பக் குடுக்கிறதா இருந்தீங்க?"

"நாலு மணிக்கு."

ரூபினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மேசையிலிருந்த அறிக்கையை எடுத்தார். அட்டவணையில் இரண்டு வரிகளை இடம் மாற்றி, அறிக்கையில் கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினார். நானும் கையெழுத்திட்டேன். நான்கு மணிக்குத் துறைத்தலைவரிடம் அந்த அறிக்கையையே கொண்டுசென்றேன்.

மறுவாரம் புதிய தட்டுகள் வைத்தோம். மூடிகளில் 1, 2, 3, 4 என்று ரூபினியே எழுதினார். நான் இன்குபேட்டரைத் திறக்கப் போனபோதெல்லாம், ஷேரனை என்னுடன் நிற்கச் சொன்னார். கடிதத்தை அவர் திருப்பித் தரவில்லை. தம் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். அந்த இழுப்பறைக்கு முன்பு பூட்டு இருந்ததில்லை.