குப்பத்தின் பூர்வீகப் பாட்டு

"இசையே ஓர் இனத்தின் வேர். பட்டயத்தைக் கரையான் தின்னும், பாட்டைத் தின்னாது. ஒரு மக்கள் எந்த மண்ணுக்கு உரியவர் என்பதைக் கல்வெட்டைவிடத் தெளிவாக அவர்தம் பாட்டே சொல்லும்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மொழிப் போரில் சிறை சென்றவரும் கட்சியின் கிளைச் செயலாளருமான உலகநாதன், கவிழ்த்துப் போட்ட கருவாட்டுக் கூடையிலிருந்து இறங்கினார். வேறு மேடை கிடைக்கவில்லை.

வேதாரண்யத்துக்குத் தெற்கே இருந்த அந்த மீனவக் குப்பத்தில் யாரும் கைதட்டவில்லை. குடிசைகளுக்குப் பின்னால் மிராசுதார் பஞ்சநாதன் வேலிக்கால்களை இறக்கிக் குவித்திருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வயலில் கைவைத்த நாளிலிருந்து அவருக்குக் கடற்கரை மணல்மேல் பாசம் பொங்கியது. அதுவும் தம் பூர்வீகச் சொத்து என்று மனுப் போட்டுவிட்டார். தாசில்தார் விசாரிக்க வருகிறார். குப்பத்தாரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

"பாட்டுப் பாடினா பட்டா குடுப்பாங்களாண்ணே?" என்றார் குப்பத்துத் தலைவர் சிங்காரவேலு. அந்த வேலிக்கால்கள் வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

"நடக்கிறது நம்ம ஆட்சி. வலை இழுக்கிறப்ப பாடுவீங்களே, அதைப் பாடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

தாசில்தார் வந்தார். மணலில் அவர் நாற்காலி ஒரு பக்கமாகப் புதைந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. கையில் கயிறு இல்லாமல் அவர்களுக்கு அது வராதாம். கடைசியில் ஒரு தென்னையில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பாட்டு தானாக வந்தது.

பாம்பனிலே தொட்டில் கட்டி – ஏலேலோ
பாலு குடிச்ச ஊரை விட்டு – ஏலேலோ
சோழகக் காத்து தள்ளி வந்து – ஏலேலோ
சேத்த கரை இந்தக் கரை – ஏலேலோ

பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எழுதிக்குங்க சார். வந்த கதையை அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

உலகநாதன் குறுக்கே புகுந்தார். "இது சம்பந்தி ஊர்ப் பாட்டுங்க. பூர்வீகப் பாட்டு பொம்பளைங்க பாடுறது. அவங்க மீன் விக்கப் போயிருக்காங்க."

தாசில்தாருக்குப் பசி. விசாரணை அடுத்த வாரத்துக்குப் போயிற்று.

அன்றே உலகநாதன் பூர்வீகப் பாட்டை எழுத உட்கார்ந்தார். குப்பத்து முனையிலிருந்த கலந்தர் பாயின் மளிகைக் கடைதான் இடம். ரேடியோ பாடிக்கொண்டிருக்க, டீயைக் குடித்தபடி விரலால் தாளம் போட்டு முடித்துவிட்டார். இந்த மணலில் பிறந்தோம், இந்த மணலில் வளர்ந்தோம், சோழன் காலம் தொட்டு இங்கேயே இருந்தோம் என்று பாட்டு ஓடியது.

"சோழனை நாங்க பாத்ததில்லையே," என்றாள் சிங்காரவேலுவின் மனைவி தனபாக்கியம்.

"அவரும் உங்களைப் பாத்ததில்லை. பாடும்மா."

"எங்க ஆத்தா பாம்பன் பாட்டுப் பாடித்தான் என்னைத் தூங்க வச்சா. அதைச் சம்பந்தி பாட்டுங்கிறாரு இந்த மனுசன்."

"வாயை மூடு," என்றார் சிங்காரவேலு. "ஆத்தாளைக் கடல்ல பாடிக்கலாம். கரையில இதைப் பாடு."

பாட்டைப் பெண்கள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். மெட்டு அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்ததுபோல் உட்கார்ந்தது. இதுதான் இரத்தத்தில் ஊறிய இசை என்று உலகநாதன் கண் கலங்கினார்.

மறு விசாரணையில் தாசில்தார் கண்ணை மூடிக் கேட்டார். அவர் செருப்பு மணலைத் தட்டியது.

"எனக்கே ரொம்ப நாள் பழகின மாதிரி இருக்கே," என்றார்.

"நேத்துக் கட்டின பாட்டு சார்," என்று பஞ்சநாதன் துள்ளினார்.

தாசில்தார் கூட்டத்தைப் பார்த்தார். அடுத்த சாதிக்காரர், வேறு மதத்தவர், பொதுவான ஆள் என்று கலந்தரைக் கூப்பிட்டார். "பாய், இந்தப் பாட்டை இங்கே முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

கலந்தர் சிங்காரவேலுவைப் பார்த்தார். வேலிக்கால்களையும் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மெட்டு நல்லாத் தெரியுங்க. கடையில உக்காந்திருந்தா தெனமும் காதுல விழும்."

வேற்று மதத்தார் சாட்சியோடு பாட்டின் தொன்மை பதிவாயிற்று. பஞ்சநாதனின் மனு தள்ளுபடி. குப்பத்துக்குப் பட்டா வந்தது. சிங்காரவேலு மத்தியானத்திலேயே படுத்துத் தூங்கினார். ஆண்கள் மறுநாள் கடலில் பாம்பன் பாட்டைப் பாடி வலை இழுத்தார்கள்.

கலந்தர் சொன்னது பொய்யில்லை. அவர் கடை ரேடியோவில் இலங்கை நிலையம் தினமும் அந்த மெட்டை ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தது. அது ஓர் இந்திப் படப் பாட்டு.