மடிப்பில்லாத பன்னிரண்டு ஸ்லைடுகள்

சின்னவள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து இரண்டே வருடம். அதற்குள் எல்லோர் வாயிலும் அவள் பேச்சுதான். எனக்குப் பதினோரு வருடம். என்னை யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடியதில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், வயிறு எரிந்தது.

எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கிற மாத்திரை எலும்பைக் காப்பாற்றும். போகிற வழியில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். என் அம்மா அந்த எரிச்சல் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். என் ஆய்வு எலிகளின் திசுக்களைச் சீவும் வேலையை டெக்னீஷியன் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

புண் வராமல் தடுக்க நான் ஒரு மரப்பட்டையிலிருந்து சாரம் எடுத்திருந்தேன். சின்னவள் ஏதோ ஓர் இலையிலிருந்து. இரண்டில் ஒன்றுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். மற்றது மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாத்திரையும் சாரமும் சாப்பிட்ட எலிகளின் உணவுக்குழாய், மெல்லியதாகச் சீவப்பட்டு மைக்ராஸ்கோப் ஸ்லைடில் ஏறியிருந்தது. எது யாருடையது என்று தெரியக் கூடாது. பெயருக்குப் பதில் எண்தான். நானும் அவளும் தனித்தனியே பார்த்து, பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் கூடினால் புண் அதிகம்.

தெரியக் கூடாது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மொத்தத்தில் பாதி, பன்னிரண்டு ஸ்லைடுகளில் ஒரு மடிப்பு, ஒரு கிழிசல் இல்லை. அப்படிச் சீவ இங்கே அவள் ஒருத்தியால்தான் முடியும். மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன், இரண்டுக்கு மூன்று.

திங்கட்கிழமை எந்த எண் யாருடையது என்று எழுதியிருந்த உறையைத் துறைத்தலைவர் பிரித்தார்.

"நீங்க புண் அதிகம்னு போட்ட பன்னிரண்டும் பட்டை," என்றார்.

என் மதிப்பெண் தாளைப் புரட்டினேன்.

"டெக்னீஷியன் அவசர அவசரமா சீவிக்கிட்டிருந்தார்க்கா," என்றாள் சின்னவள். "அம்மாவுக்கு வேற அப்படி ஆயிடுச்சேன்னு உங்களோடதை நானே சீவிட்டேன். என்னோடதை அவர்கிட்ட குடுத்துட்டேன்." பிறகு அவரிடம் திரும்பினாள். "சார், அந்தப் பன்னிரண்டுலயும் அக்கா ஒரு மார்க் அதிகமா போட்டிருக்காங்க. நான் பார்த்தப்ப என்னோடதைவிட அதுலதான் புண் கம்மி. இன்னொருத்தரை விட்டுப் பார்க்கச் சொல்லலாமே."

அந்த நேரத்திலும், எனக்காக அவள் வாதாடியதுதான் எனக்கு எரிந்தது.

"பதினோரு வருஷம் பார்த்த கண்ணும்மா அது. அதைத்தான் நான் நம்புவேன்," என்றார் அவர். "தன் சாரம் தோத்தும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்காங்க பாரு. வேலைக்கு அந்த நேர்மைதான் வேணும்."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பட்டை பிழைத்துவிடும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ரொம்ப நன்றி சார்," என்றேன்.