கடைசி விதி

கென்யாவின் கிசுமு நகரில் மசாஜ் கடை என்று சொன்னாலே ஆண்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே என் விதிகளைப் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினேன். தாமதமாக வந்தால் நஷ்டம் உங்களுக்கு, நேரம் நீளாது. குடித்துவிட்டு வந்தால் வாசலோடு சரி. கை எங்காவது நீண்டால் அப்போதே வெளியே. இதற்கெல்லாம் யாரும் மல்லுக்கு நின்றதில்லை. தொல்லை கடைசி விதியில்தான். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், முதல் மூன்று மாதம் நான் கை வைப்பதில்லை.

எங்கள் லுவோ இனத்துப் பெண்களிடம் இதைக் கேட்பதே வெட்டி வேலை. வயிறு தானாகக் காட்டிக்கொடுக்கும்வரை ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். சொன்னால் பிள்ளை தங்காது என்று பயம். ஆனாலும் பயிற்சியில் கேட்கச் சொன்னார்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி எல்லோரிடமும் கேட்பேன்.

அடோயோவை அவள் மாமியார்தான் கூட்டிவந்தாள். ஏரிக்கரையில் மீன்கூடை தூக்கித் தூக்கி மருமகளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். கிழவி நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"முழுகாம இருக்கியா அடோயோ?"

கிழவி என்னைப் பார்த்து முந்திக்கொண்டாள். "அந்தக் கொடுப்பினை எங்க, சிப்ரோஸ்? நாலு வருஷமா என் மகன் வீட்டுல பூனைக்குட்டிதான் கத்துது."

"இல்லக்கா," என்றாள் அடோயோ.

இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லி, குப்புறப் படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தாள். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்? எண்ணெயைச் சூடாக்கி இடுப்பை லேசாகப் பிடித்துவிட்டேன். பாவம், அப்படியே தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. மலேரியா என்று சந்தையில் சொன்னார்கள். ரொட்டியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சோபாவில் போர்த்திப் படுத்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு கொசு கடிச்சதுக்கு மகாராணி படுத்திருக்கிற அழகப் பாரு," என்றபடி கிழவி எனக்குத் தேநீர் ஊற்றினாள். மீன் விலை, மழை என்று எதையோ பேசினோம். நான் எழுந்ததும் அடோயோவும் எழுந்தாள். வந்தவர்களைக் கொஞ்ச தூரமாவது கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம், அதைக் கிழவியாலும் தடுக்க முடியாது.

வேலி திரும்பும் இடத்தில் நின்றுவிட்டாள்.

"மலேரியா இல்லக்கா."

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கேட்டீங்கல்ல? இருந்துச்சு. ரெண்டு மாசம். அவர்கிட்டகூட நான் சொல்லல. இப்பப் போயிருச்சு."

"நான் கை வச்சதாலயா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில அதத்தான் மொதல்ல கேட்டேன். இல்லையாம். இந்த மாசத்துல தானாவே கலையுறது உண்டாம். கூடை தூக்குனதாலயும் இல்லையாம். நெஜமாக்கா? நீங்க படிச்சிருக்கீங்கல்ல?"

"நெஜம்தான். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

சொல்லும்போதே மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப, நான் சொல்லியிருந்தா?"

"சொன்னாலும் போயிருக்கும், சொல்லாட்டியும் போயிருக்கும். உன் வாயால ஒண்ணும் ஆகல அடோயோ. உன்மேல தப்பே இல்ல."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லியே இருந்திருக்கலாமேக்கா. ரெண்டு மாசம் நான் ஒருத்தியா சந்தோஷப்பட்டேன். இப்ப அழுறதுக்கும் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டுல்ல அழுறேன்."