அவள் வேண்டிக்கொண்ட தப்பு

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. அந்த ஒருவனை நினைத்துக்கொண்டேதான் இப்போது மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் எலியின் இதயம் சிவப்பாகத் தெரிந்தது.

அந்த மெஷினுக்கு நிறைமாலைமானி என்று பெயர். மருந்து கொடுத்த எலியின் திசுவை மெல்லிசாக வெட்டிக் கழுவி உள்ளே வைத்தால், ஒட்டாத மருந்து கழுவலோடு போயிருக்கும். விடாமல் பிடித்துக்கொண்டதை மட்டும் புள்ளி புள்ளியாக எடைபோட்டுப் படம் காட்டும்; மருந்து இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. பொய் சொல்லத் தெரியாத ஜடம். வலிப்புக்கான இந்தப் புது மருந்து மூளையில் ஒட்ட வேண்டியது. இதயத்தில் அதற்கு என்ன வேலை?

மனிதர்களில் அதை முதலில் சாப்பிடும் சிலரில் அவள் தம்பியும் ஒருவன். பெயர் கொடுக்கச் சொன்னதே அவள்தான். ஏழு கழுதை வயசாகியும் மாத்திரை விழுங்கத் தெரியாதவனுக்கு, இன்று காலையும் மத்தியான வேளைக்குப் பொடித்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பொடித்த கை. சட்டென்று ஒரு நப்பாசை பிறந்தது, அந்தப் பொடிதான் திசுவில் ஒட்டியிருக்குமோ என்று. மருந்தே கொடுக்காத எலியின் இதயத்தை வைத்துப் பார்த்தாள். அதிலும் சிவப்பு. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். வேலையில் தப்பு செய்துவிட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

எலிகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் எலிமாமா, எட்டிப் பார்த்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"பொடி ஒட்டின கையோட வந்தா அப்படித்தான். நீ தள்ளி உக்காரு. ரெண்டையும் புதுசா நானே வெட்டி வைக்கிறேன்."

"வேண்டாம் மாமா. தப்பு என்னோடதுதான், விடுங்க."

"விடலாம். உன் தம்பி சாப்பிடுறானே?"

அவள் தள்ளி உட்கார்ந்தாள், அவர் வெட்டி வைத்தார். படம் வரி வரியாக வந்தது. மருந்து கொடுக்காத இதயம் முழுக்கக் கறுப்பு. மருந்து கொடுத்த இதயம் அடுத்து வந்தது. சிவப்பு, முதலில் பார்த்த அதே இடத்தில்.

போனை எடுத்தாள். தம்பியின் எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள்.

"இப்பதான்க்கா தண்ணில கலக்கினேன். கசப்புக்கு உன்னைத் திட்டிக்கிட்டே குடிக்கப் போறேன்."

"குடிக்காதே. கொட்டு."

"ஏன்?"

"இதயத்துல போய் ஒட்டுது. என் தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இது என் தப்பு இல்லடா."

தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அதற்குள் படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"கொட்டிட்டேன்," என்றான். வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தான். "ஒரு மாசமா குடிச்சதை எங்கேக்கா கொட்டுறது?"