மான்சூன்47-க்கு நன்றி

பெமிலா ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தை என் மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். நாலு வருஷமாக என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நாலு வருஷமாக அதே இரண்டடிதான்.

'என் வழிகாட்டி முனைவர் செல்வதாஸ் அவர்களுக்கு நன்றி' என்று முதல் வரியில் நான். அதோடு சரி. அதற்குக் கீழே ஒரு முழுப் பத்தி, வேறு யாருக்கோ.

'இணைய ஆய்வாளர் மன்றத்தில் எனக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன, முகம் தெரியாத மான்சூன்47 அவர்களுக்கு. மீனின் செவிக்கல்லை உடையாமல் தேய்க்க அவர்தான் கற்றுத்தந்தார். எந்தக் கேள்வியும் முட்டாள்தனமானது இல்லை, கேளுங்கள் என்று அவர் எழுதியிராவிட்டால் இரண்டாம் வருஷமே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.'

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மான்சூன்47 நான்தான்.

அந்தப் புனைபெயரே, தப்பாகச் சொல்லிவிட்டால் துறையில் யாரும் சிரிக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டது. அந்த மன்றத்தில் பதில் சொல்லச் சொல்ல நம் பெயருக்குப் புள்ளி ஏறும். திங்கட்கிழமைதோறும் மெயில் வரும்: இந்த வாரம் பத்தொன்பது நாடுகளில் உங்களைப் படித்தார்கள். அதைப் பார்க்காமல் எனக்குக் காப்பி இறங்காது. புள்ளிக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. கண்காணாத நாட்டில் ஒருத்தன் 'உங்களால் என் வேலை பிழைத்தது' என்று எழுதினால் அன்றைக்கு முழுக்க நான் நல்ல மனுஷன். பக்கத்து அறையில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்?

மன்றத்தில் எல்லாம் இங்கிலீஷ்தான். 'புதியவன்' என்று அர்த்தம் வரும் பெயரில் ஒருவன் செவிக்கல் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பான். மீனின் காதுக்குள் இருக்கும் அரிசியளவு கல் அது. அதன் வளையங்களை எண்ணினால் மீனின் வயசு தெரியும். ஆப்பிரிக்காவில் ஏதோ ஏழைப் பையன் என்று நினைத்து அவனுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருதடவை, தன் வழிகாட்டி திட்டுகிறார் என்று வருத்தப்பட்டான். 'இப்படியும் ஒரு ஆசிரியரா?' என்று நானும் சேர்ந்து அந்த ஆளை நாலு வார்த்தை திட்டினேன்.

குளச்சல் துறைமுகத்து மீனிலிருந்து எடுத்த கல் தேய்க்கும்போது உடைந்துபோய், துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெமிலா வந்து நின்றது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதுகூடத் தெரியாம எதுக்கு ஆராய்ச்சிக்கு வந்தே? நெட்டுல பாரு, போ" என்றேன் அன்றைக்கு.

போய்ப் பார்த்திருக்கிறாள். அவள் வேலையை ஒருநாளாவது ஒழுங்காகக் கவனித்திருந்தால் புதியவன் யாரென்று அப்போதே தெரிந்திருக்கும்.

"பேரு தெரியாதவங்களுக்கு நன்றி போடலாமா சார்? இல்லேன்னா எடுத்திரட்டா?"

"அது இருக்கட்டும். என் பேரை எடுத்திரு."

வெட்கத்தில் சொன்னேன். ஆனால் வழக்கம்போல் சிடுசிடுப்பாகத்தான் வெளியே வந்தது. அவள் முகம் வெளிறிப்போய், "சரி சார்" என்று தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நிமிஷத்தில் என் போன் சிணுங்கியது. புதியவன்.

'வழிகாட்டி நன்றியுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?'

'நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை' என்று விரல் தானாகவே அடித்துவிட்டது. அனுப்பினால் போதும். மான்சூன்47 இன்னொரு தடவை நல்லவனாகிவிடுவான், நான் நாற்காலியை விட்டு அசையவே வேண்டாம். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அடித்ததை அழித்துவிட்டு எழுந்தேன்.

ஆய்வகம் அடுத்த அறைதான். என்னைக் கண்டதும் பெமிலா பதறி எழுந்து போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கையெழுத்து போடுவேன், பெமிலா. பயப்படாதே. நீ ஒரு தப்பும் செய்யல."

அவள் போனை முன்னால் எடுத்துப் பார்த்தாள். பதில் எதுவும் வந்திருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது… நீங்களா சார்?"

"நாந்தான்."

சந்தோஷப்படுவாள் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு புள்ளி வேண்டியிருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்போ, அப்படி ஒருத்தரு இல்லியா சார்?" என்றாள்.