பயில்வானுக்குப் போட்ட ஊசி

முயல் பண்ணையில் ஒரே ஆண், பயில்வான். தோளையும் தொடையையும் பார்த்தால் குத்துச்சண்டைக்குக் கிளம்பிய ஆள் மாதிரி இருப்பான். அவன் குட்டி என்றால் வாங்க ஆள் வரும். அந்தக் குட்டிதான் இப்போது இல்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று பண்ணையை நடத்தும் அக்கா முடிவுகட்டியிருந்தாள்.

பெட்டையைத்தான் ஆணின் கூண்டில் விட வேண்டும். மாற்றி விட்டால் பெட்டை கடித்துக் குதறிவிடும். அக்கா அப்படித்தான் விட்டாள். இரண்டு வாரம் கழித்து அடிவயிற்றைத் தடவினால் திராட்சை திராட்சையாகத் தட்டுப்பட வேண்டும். ஒன்றுமே தட்டுப்படவில்லை.

"இதுவும் மலடு."

பழைய பெட்டைகளெல்லாம் அந்த ஒரு சொல்லில் கறிக்கடைக்குப் போயிருந்தன. புதிதாக வந்ததும் இப்போது கூடைக்குள் இருந்தது, கடைக்காரருக்காக.

அதே சொல்லை அக்கா தம்பி மனைவியிடம் நேரடியாகச் சொன்னதில்லை. "உனக்குத்தான் உடம்புல என்னமோ கோளாறு" என்பாள். நாளைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டதும் அக்காதான்.

மாட்டு டாக்டர் வந்தார். ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் தம்பி பயில்வானைப் பிடித்துக்கொள்ள, தம்பி மனைவி கூண்டுகளுக்குப் புல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டையையே மாத்திட்டு இருந்தீங்களே, இவனை ஒரு தடவ கவுத்துப் பாத்தீங்களா?"

"இவனப் பாத்தா குறை சொல்ற மாதிரியா டாக்டர் இருக்கு?"

டாக்டர் பயில்வானைக் கவிழ்த்துக் காட்டினார். விரை இரண்டும் சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தன. காதின் உள்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது.

"ஈரலும் கெட்டிருக்கு. உடம்பு ஏத்துற ஊசி யாராவது போட்டீங்களா?"

தம்பி தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்தான்.

"டேய்!"

"கண்காட்சியில கப்பு அடிக்கணும்னு நீதானேக்கா புலம்பின. கொஞ்சூண்டுதான் போட்டேன். நான் போட்டுக்கறதுல மிச்சம் இருந்துச்சு."

புல் வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நிறுத்திட்டா சரியாகுமா டாக்டர்?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"முயலுக்கா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் தம்பியின் புஜத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"சீக்கிரம் நிறுத்தினா தேறலாம். உறுதியாச் சொல்ல முடியாது. முயலுக்குத்தான் நான் பாக்கறேன். மத்தவங்க அவங்க டாக்டர்கிட்டப் போகணும்."

டாக்டர் போனார். அக்கா கையைக் கழுவித் துடைத்தாள்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்மா. டோக்கன இவன் பேருக்கு மாத்திக்கலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"நானும் வரேன் அண்ணி. டாக்டர் சொல்றத என் காதால கேக்கணும்."

"அக்கா, நான் என்ன முயலா?" என்றான் தம்பி.

"முயலா இருந்திருந்தா இந்நேரம் கவுத்துப் பாத்திருப்பேன். போய் அந்த ஊசிய எல்லாம் எடுத்துட்டு வா."

அவன் போனான். அக்கா கூடையைத் திறந்து, பெட்டையைத் தூக்கிக் கொண்டுபோய் அதன் பழைய கூண்டிலேயே விட்டாள்.